சாட்சிக்குப் போனவர்கள்

கிடாரத்தின் மூடியைத் தூக்கியதும் வெந்த நண்டின் ஆவி கூரைத் தகரத்தில் முட்டிக் கீழே இறங்கியது. வெளியே இன்னும் சரியாக வெளிக்கவில்லை. ஊர்காவற்றுறைக் கரையில் வள்ளங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. இயந்திரச் சத்தம் ஓய்ந்த இடங்களில் ஆட்களின் குரல் கேட்டது. வலையிலிருந்து கழற்றிய நண்டுகள் கூடை கூடையாக நண்டு உரிக்கும் கொம்பனிக்குள் வந்தன. சில இன்னும் காலை அசைத்தன.

ஜெனீற்றா மேசையில் தன் இடத்தில் நின்றாள். இடது கையில் அவித்து ஆறிய நண்டு, வலது கையில் சின்னக் கத்தி. ஓட்டைக் கழற்றி, உடலை இரண்டாக ஒடித்து, அறை அறையாக ஒளிந்திருக்கும் சதையை முறியாமல் எடுத்து வெள்ளைத் தட்டில் வைக்க வேண்டும். சதைக்குள் ஒரு துணுக்கு ஓடு போனாலும் தட்டு முழுவதும் திரும்பி வரும். கையுறை போட்டால் ஓடு விரலுக்குத் தட்டுப்படாது. போடாவிட்டால் விரல் கிழியும். அதனால் பெண்கள் எல்லோரும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வெட்டிய கையுறைகளைப் போட்டிருந்தார்கள். காலையில் முதல் நண்டைத் தொடும்போது பழைய காயங்களில் உப்புத் தண்ணீர் இறங்கி எரியும். கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிடும். பிறகு அது வேறு யாரோ ஒருத்தியின் விரல்.

குந்தியிருப்பதற்குக் கதிரை இல்லை. இருந்தால் கை மெதுவாகிவிடும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"இண்டைக்கும் பழைய ரேற் தானாம்," என்றாள் எதிரே நின்ற சீதேவி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அது யாருக்கு என்று மேசைக்கே தெரியும். "பழைய ரேற் எண்டா, குறைச்ச ரேற். இந்திய முகாமிலை இருந்து ஆக்கள் வந்து குறைச்சு வாங்கப்போய், இப்ப எல்லாருக்கும் அதுதான்."

ஜெனீற்றா தலையை நிமிர்த்தவில்லை. சீதேவி சொன்னதில் பொய் இல்லை. கடல் கடந்து திரும்பி வந்தவர்களிடம் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாதவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதியும் இல்லை, கிலோவுக்குக் கூலியும் குறைவு என்று முதலில் வைத்தார்கள். ஆறேழு பேர் அந்தக் கூலிக்கு நின்றார்கள். ஒரு மழைக்காலம் கழிந்ததும் அந்தக் கூலியே எல்லோருக்கும் என்றானது. கேட்டவர்களுக்கு முதலாளி தயாபரன், "வேண்டாமெண்டா வேலையை விடுங்கோ. வெளியிலை வரிசையிலை நிக்கினம்" என்று பதில் சொன்னார்.

"நண்டை உரி சீதேவி. அவளை உரியாதை," என்றாள் ஞானசவுந்தரி. ஐம்பதைத் தாண்டிய மனுசி. அவளுடைய புருசன் இன்னாசித்தம்பி பிடித்துவரும் நண்டைத்தான் அவள் உரிக்கிறாள். அதைப் பிடித்தவனுக்கும் மிச்சமில்லை, உரித்தவளுக்கும் மிச்சமில்லை என்று அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

ஜெனீற்றா பிறந்தது எழுவைதீவில். பத்து வயதில், குண்டுச் சத்தத்துக்குள் தாய் தகப்பனோடு வள்ளமேறி இராமேஸ்வரம் போனாள். அகதி முகாமில் வளர்ந்தாள். முகாமிலேயே அன்ரனிதாசைக் கலியாணம் செய்தாள். அங்கேயே நிருஜா பிறந்தாள். அந்த நாட்டில் பிறந்தும் அந்தப் பிள்ளைக்கு அந்த நாடு இல்லை. அகதியின் பிள்ளை அகதி. சொந்த மண்ணிலாவது பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கட்டும் என்று ஜெனீற்றா வந்த வழியே வள்ளத்தில் திரும்பினாள். அன்ரனிதாஸ் வேறொரு வள்ளத்துக்குக் காத்திருந்து இன்னும் அங்கேதான். அனுமதியில்லாமல் திரும்பி வந்ததற்கு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. அவளுடைய பிறப்புப் பதிவு இருந்த புத்தகம் சண்டைக்குள் எரிந்துவிட்டது. அவள் இந்த நாட்டுக்காரி என்று காட்டினால்தான் பிள்ளையை இந்த நாட்டுப் பிள்ளையாகப் பதியலாம். அதற்குள் பிள்ளைக்கு எட்டு வயதாகிவிட்டது.

நிருஜாவுக்குத் தொண்டை நோவு என்று தொடங்கியது. பிறகு முழங்கால் வீங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. வாதக் காய்ச்சல் நெஞ்சுக்குப் போய்விட்டது என்றார்கள். மாதம் ஒரு ஊசி, மாதம் ஒரு கிளினிக்.

அடுத்த நாள் கிளினிக் நாள். விடியற்காலை பஸ்ஸில் தாயும் மகளும் யாழ்ப்பாணம் போனார்கள். பண்ணைப் பாலத்தில் காற்று யன்னலுக்குள் அடித்தது. நிருஜா தாயின் தோளில் சாய்ந்திருந்தாள்.

"அம்மா, ஊசி இன்னைக்குக் காலுலயா, இடுப்புலயா?"

"மெல்லக் கதை."

பிள்ளையின் பேச்சில் அந்தக் கரை ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளை 'இந்தியாக்காரி' என்று கூப்பிட்டார்கள். முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் 'சிலோன்காரி' என்று கூப்பிட்டிருந்தார்கள்.

டொக்டர் நிலாந்தினி சின்ன வயதுக்காரி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கருவியைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்து நெடுநேரம் திரையைப் பார்த்தாள்.

"அம்மா, போனமுறையை விட வால்வு கூடுதலா ஒழுகுது. ஊசி மட்டும் காணாது. கொழும்பிலை ஒப்பரேசன் செய்யவேணும். நான் இண்டைக்கே எழுதிறன்."

"உடனையோ டொக்டர்?"

"உடனை இல்லை. ஆனா கனகாலம் விடவும் ஏலாது. வரிசை ஒண்டு இருக்கு. முதல்லை பேரைப் போடுங்கோ."

பேர் போடும் மேசையில் இருந்தவர் நல்ல மனிதர். பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தார். தமிழ்நாட்டு அரசின் முத்திரை. சிரிப்பு மெதுவாகப் போனது.

"தங்கச்சி, இது வெளிநாட்டுப் பத்திரம். ஊசி, மருந்து எண்டா ஒருத்தரும் கேக்காயினம். ஒப்பரேசன் வரிசைக்கு எங்கட நாட்டுப் பதிவு இருக்கவேணும். இல்லாட்டி வெளிநாட்டார் எண்டுதான் போடலாம். அப்ப முழுச் செலவும் உங்கட."

"நான் எழுவைதீவிலை பிறந்தனான் ஐயா."

"நீர் பிறந்தனீர். பிள்ளை?"

பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். நிருஜா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு எடுத்தாள்.

அங்கிருந்து நேரே தீவுக்குத் திரும்பிப் பிறப்புப் பதிவு பார்க்கும் அரசாங்கக் கந்தோருக்குப் போனாள். அவளுடைய கோப்பைக் கவனிக்கும் அரியநாயகம் ஐயாவுக்கு அவளைப் பார்த்ததும் தெரியும். எத்தனை தரம் வந்துவிட்டாள்! இந்தமுறை அவரிடம் ஒரு செய்தி இருந்தது.

"வியாழக்கிழமை மேலதிகாரி விசாரணைக்கு வாறார். நீர் இஞ்ச பிறந்தனீர் எண்டு தெரிஞ்ச ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாரும். பிள்ளையையும் கொண்டுவாரும். அண்டைக்கு வரேல்லை எண்டா அவர் பேந்து எப்ப வருவாரோ தெரியாது."

"வந்தா முடிஞ்சிடுமோ ஐயா?"

"முடியாது. ஆனா வராட்டித் தொடங்கவே தொடங்காது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டம் எழுதினது நான் இல்லைப் பிள்ளை."

மறுநாள் காலையில் தயாபரன் மேசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். புளியங்கூடல்காரர். கனடாவில் இருபது வருடம் இருந்து உழைத்த காசோடு வந்து கொம்பனி தொடங்கியவர். மனைவி பிள்ளைகள் இப்போதும் அங்கேதான். சத்தம் போட்டுப் பேசமாட்டார். அதனால் அவர் பேசும்போது எல்லோரும் கையை நிறுத்திக் கேட்க வேண்டும்.

"ஜெனீற்றா, நேற்று வரேல்லை."

"கிளினிக் ஐயா. போன கிழமையே சொன்னனான்."

"மாதம் மாதம் கிளினிக். கடல் உம்மட கிளினிக்கைப் பாத்தோ நண்டு தருது?"

"பிள்ளைக்கு ஒப்பரேசன் செய்யவேணுமாம் ஐயா. வியாழக்கிழமை கந்தோரிலை விசாரணை. எனக்கு அரைநாள் வேணும். ஞானசவுந்தரி அக்காவும் கத்தரீனா அக்காவும் சாட்சிக்கு வருவினம். அவையும் எழுவைதீவுதான்."

"வியாழக்கிழமை லொறி கொழும்புக்குப் போகுது. சரக்கு அண்டு இரவு பிளேன் ஏறவேணும். ஒராளையும் விட ஏலாது." கொஞ்சம் நிறுத்தினார். "நான் கெட்டவன் இல்லை. உண்மையைச் சொல்லுறன், கேளும். அது வெளிநாட்டுப் பிள்ளை. அரசாங்கம் அதுக்கு ஏன் சும்மா ஒப்பரேசன் செய்யவேணும்? கள்ளமா வள்ளம் ஏற்றி இஞ்ச கொண்டுவராமல் அங்கையே வச்சிருந்தா, அங்க ஏதும் பாத்திருப்பினம்."

ஜெனீற்றாவின் கையில் நண்டின் கொடுக்கு ஒன்று முறிந்தது. எதிர்த்துப் பேசத் தெரியாதவள் இல்லை. களைத்துப் போயிருந்தாள். பேப்பர் கேட்கும் மேசைகளுக்கு முன்னால் வருடக்கணக்காக நின்று நின்று, தன் பிள்ளையைப் பற்றிய ஒரு வசனத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, அவளுக்குச் சொல்லே வெறுத்துப்போயிருந்தது.

ஞானசவுந்தரி கத்தியைக் கீழே வைத்தாள்.

"தம்பி, உங்கட மூத்தவள் குறைமாதத்திலை பிறந்தவள் எல்லோ?"

தயாபரன் திரும்பிப் பார்த்தார். "அதுக்கென்ன இப்ப?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வச்சுக் காப்பாத்தினவை எண்டு உங்கட அம்மா சந்தையிலை நிண்டு அழுதழுது சொன்னவ. நீங்கள் போய்ச் சேந்து ஒரு வருசமும் இல்லை. அகதி எண்டு கேட்டுப்போட்டு இருந்தனீங்கள். அப்ப உங்களிட்டை என்ன பேப்பர் இருந்தது?"

"அது கனடா."

"அதைத்தான் கேக்கிறன். ஆரெண்டு தெரியாத சனம் உங்கட பிள்ளையைத் தூக்கிப் பெட்டிக்குள்ளை வச்சுது. எழுவைதீவிலை பிறந்தவளின்ரை பிள்ளையை நாங்கள் வெளிநாட்டுப் பிள்ளை எண்டுறம்."

ஒரு கணம் அவருடைய முகம் வேறாக இருந்தது. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்ற இளைஞனின் முகமாக இருக்கலாம். அது நெடுநேரம் நிற்கவில்லை.

"அக்கா, இது கொம்பனி. கோயில் மடம் இல்லை. வியாழக்கிழமை மேசையை விட்டுப் போற ஆக்கள் வெள்ளிக்கிழமை வரத் தேவையில்லை. உங்கட அவரின்ரை நண்டும் எனக்கு வேண்டாம்."

போய்விட்டார். ஐஸ் உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வியாழக்கிழமை காலையில் ஜெனீற்றா பிள்ளையைக் கையில் பிடித்தபடி கொம்பனிக்கு வந்தாள். விடுவதற்கு வேறு இடம் இல்லை. வேலையை விட்டுப் போகப்போகிறாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னாசித்தம்பியின் நண்டை வாங்க ஆளில்லாமல், ஞானசவுந்தரியின் வேலையும் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அவளைக் கூப்பிட வாய் வருமா?

நிருஜா ஐஸ் அறைக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட கூடையில் குந்தியிருந்தாள். ஆவி அடிக்கும் இடம். சீதேவி கழிவு ஓட்டை அள்ளிக்கொண்டு அந்த வழியே போனாள். திரும்பி வந்தபோது பிள்ளை எழுந்து நின்றுகொண்டிருந்தது. சுவரில் ஒரு கையை ஊன்றி, வாயைத் திறந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கியது.

"என்ன பிள்ளை?"

"ஒண்ணுமில்ல அக்கா. குனிஞ்சு உக்காந்தா மூச்சு வரல. நின்னா கொஞ்சம் வரும்."

சீதேவி கூடையை இறக்கினாள். பிள்ளையின் முதுகில் கையை வைத்தாள். உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்ன நெஞ்சு அடித்த அடி, அவிக்கப்போகும் கிடாரத்தில் போட்ட உயிர் நண்டு போல இருந்தது. அவள் கையை எடுத்தாள். பிறகு மறுபடி வைத்தாள்.

சீதேவி முதலாளியிடம் வாய் திறக்காதவள். தயாபரனுக்குத் தூரத்துச் சொந்தம். அந்தச் சொந்தத்தால் கிடைத்த வேலை இது. கூலி குறைந்த நாளிலிருந்து அவளுக்குள் ஒரு கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை அவள் இதுவரை ஜெனீற்றாவின் மேலேயே இறக்கி வைத்திருந்தாள். முதலாளி தொலைவில் இருந்தார், ஜெனீற்றா எதிரே நின்றாள். அவ்வளவுதான்.

மேசைக்கு வந்தாள். கத்தியை எடுக்கவில்லை.

"ஜெனீற்றா, நீர் ஏன் இந்தக் கூலிக்குச் சம்மதிச்சனீர்?"

"அட்டை இல்லாதவளுக்கு வேறை எங்க அக்கா வேலை தருவினம்?"

"அப்ப அட்டை இருந்தா?"

"இருந்தா ஏன் சம்மதிக்கிறன்?"

சீதேவி மேசை முழுவதையும் பார்த்தாள். "கேட்டியளோ? இவளுக்குப் பேப்பர் இல்லாததாலை இவளின்ரை பிள்ளைக்கு ஆஸ்பத்திரி இல்லை. இவளுக்குப் பேப்பர் இல்லாததாலைதான் எங்கட கூலியும் விழுந்தது. நான் இவ்வளவு நாளும் இவளைத் திட்டிக்கொண்டு நிண்டன்." கையுறையைக் கழற்றினாள். "நானும் வாறன்."

"நீ எழுவைதீவு இல்லையே," என்றாள் கத்தரீனா.

"இல்லை. ஆனா வாறன்."

யாரும் உடனே அசையவில்லை. மேசையில் நண்டு குவிந்து கிடந்தது. வெந்த நண்டு காத்திருக்காது. வெயில் ஏற ஏற மணக்கத் தொடங்கும். வீட்டில் கடன், பள்ளிக்கூடப் பிள்ளை, படுக்கையில் தாய் என்று ஒவ்வொருத்திக்கும் ஒன்று இருந்தது. பயந்தார்கள். பயந்துகொண்டே ஒருத்தி கையுறையைக் கழற்றினாள். பிறகு இன்னொருத்தி. கடைசியில் மேசை முழுவதும் வெறுங் கையுறைகள், விரல் வெட்டியபடி கிடந்தன.

தயாபரன் வெளியே ஓடிவந்தபோது அவர்கள் கேற்றைத் தாண்டிவிட்டார்கள்.

கந்தோர் தொலைவில் இல்லை. ஆனால் நிருஜாவோடு நடந்தால் தொலைவுதான். இரண்டு மதகுக்கு ஒருதரம் நின்றார்கள். ஒரு இடத்தில் ஞானசவுந்தரி பிள்ளையைத் தூக்கினாள். கொஞ்சத்தால் கத்தரீனா வாங்கினாள். பிறகு சீதேவி. ஜெனீற்றா கையை நீட்டியபோது, "நீர் தூக்கினது காணும். நடவும்," என்றார்கள். நண்டு மணக்கும் உடுப்போடு, றப்பர் சப்பாத்தோடு அவர்கள் தெருவை நிறைத்து நடந்தார்கள். சைக்கிளில் போனவர்கள் இறங்கிப் பார்த்தார்கள்.

மேலதிகாரி மூக்கைச் சுளித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். அறை நிரம்பி வாசலுக்கும் வெளியே பெண்கள் நின்றார்கள்.

"இவ்வளவு பேர் என்னத்துக்கு?"

"சாட்சிக்கு ஐயா," என்றாள் ஞானசவுந்தரி.

"சாட்சிக்கு ரெண்டு பேர் காணும்."

"ரெண்டு பேர் இருக்கினம். மிச்சப் பேர் அந்த ரெண்டு பேருக்குச் சாட்சி."

அரியநாயகம் குனிந்து தாளை அடுக்கினார். அவர் சிரிப்பதை மேலதிகாரி பார்க்கவில்லை.

ஞானசவுந்தரி சொன்னாள்: ஜெனீற்றாவின் தாய்க்கு வயிற்றுநோவு வந்தபோது கடல் கொந்தளிப்பு. அக்கரைக்குக் கொண்டுபோக வள்ளம் இறக்க ஏலாது. குடிசைக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் ஞானசவுந்தரியேதான். கத்தரீனா சொன்னாள்: ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனது தன்னுடைய தாய். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்து வைத்தார்கள். டொக்டரின் கடிதத்தை அரியநாயகம் கோப்பின் மேலே வைத்து ஊசியால் குத்தினார்.

"இதைக் கொழும்புக்கு அனுப்புறன்," என்றார் மேலதிகாரி. "தாயின்ரை விசயம் முடிஞ்ச பிறகுதான் பிள்ளையின்ரை. முடிவு அங்கதான் எடுப்பினம்."

"எவ்வளவு காலம் எடுக்கும் ஐயா?" என்று கேட்டாள் ஜெனீற்றா.

"சொல்ல ஏலாது."

"பிள்ளையின்ரை நெஞ்சு அவ்வளவு காலம் பொறுக்குமோ எண்டும் ஆரும் சொல்லேல்லை ஐயா," என்றாள் சீதேவி. "அதையும் எழுதுங்கோ."

அவர் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தார். நிருஜா சுவரோரம் கிடந்த வாங்கில் சாய்ந்திருந்தாள். கழுத்து நரம்பு துடிப்பது அங்கிருந்தே தெரிந்தது. கோப்பின் மேல் 'அவசரம்' என்று எழுதிக் கீழே கோடு போட்டார். அது எவ்வளவு தூரம் செல்லும் என்று அவருக்கே தெரியாது.

வாசலில் ஒரு பெண் ஜெனீற்றாவின் கையைப் பிடித்தாள். அனலைதீவுக்காரி. இடுப்பில் ஒரு குழந்தை. "அக்கா, என்ரை பிள்ளையும் அங்க பிறந்ததுதான். எனக்கும் சாட்சிக்கு ஆக்கள் வருவினமோ?"

ஜெனீற்றா திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள்.

"எந்த நாள் எண்டு சொல்லும். வருவம்," என்றாள் கத்தரீனா.

திரும்பி வந்தபோது கொம்பனியின் இரும்புக் கேற் பூட்டியிருந்தது. கம்பிக்கு அப்பால் தயாபரன் நின்றார். அவருக்குப் பின்னால் பாதிச் சரக்கோடு லொறி. உரிக்காத நண்டின் மணம் தெருவரை வந்தது.

"மிச்ச ஆக்கள் உள்ளுக்கு வரலாம்," என்றார். "ஜெனீற்றாவும் ஞானசவுந்தரி அக்காவும் வேண்டாம். சீதேவி, நீயுமோ? உன்ரை வீட்டிலை நான் என்னெண்டு சொல்லுறது?"

"கூலி கேக்கிறன் எண்டு சொல்லுங்கோ அண்ணை," என்றாள் சீதேவி. "எல்லாருக்கும் குறைக்க முந்தி இருந்த கூலி. அட்டை இருந்தாலும் இல்லாட்டியும் ஒரே கூலி. கிளினிக் நாளுக்கு ஒருத்தரையும் நிப்பாட்டக் கூடாது. உள்ளுக்கு வந்தா எல்லாரும் வருவம்."

"அப்ப ஒருத்தரும் வேண்டாம்."

அவர் உள்ளே போய்விட்டார். பெண்கள் கேற்றுக்கு முன்னால், லொறி போகும் வழியில், நிழல் விழுந்த இடத்தில் குந்தினார்கள். நாள் முழுவதும் நின்று பழகிய கால்கள். நிலத்தில் இருந்ததும்தான் எவ்வளவு நோகிறது என்று தெரிந்தது. இன்னாசித்தம்பி கரையிலிருந்து வந்து பார்த்தான். போய்த் தண்ணீர்ப் போத்தல்களோடு திரும்பினான். அவனோடு இன்னும் இரண்டு வள்ளக்காரர் வந்து மதிலோரம் குந்தினார்கள். நாளை நண்டை இங்கே இறக்குவதா இல்லையா என்று அவர்கள் மெதுவாகக் கதைத்துக்கொண்டார்கள்.

ஜெனீற்றாவுக்கு எதையும் நம்பும் தெம்பு இல்லை. கொழும்புக்குப் போகும் கோப்பைப் பற்றியும் நினைக்கவில்லை, வெள்ளிக்கிழமையைப் பற்றியும் நினைக்கவில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் யாரோ சாய்ந்திருந்தார்கள். அந்தப் பாரம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. நிருஜா சீதேவியின் நெஞ்சில் தலையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தாள். அப்படி இருந்தால் மூச்சு வந்தது. கொஞ்சத்தில் கண் மூடினாள்.

உள்ளே இயந்திரம் உறுமியது. கேற் திறந்தது. லொறி வாசல்வரை வந்து நின்றது. தயாபரனே சாரதிக்குப் பக்கத்தில் இருந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. பிளேன் நிற்காது. சாரதி ஹோர்னை அழுத்தினான். பெண்கள் எழும்பவில்லை. இரண்டாம் தரம் நீட்டி அழுத்தினான்.

சீதேவி இருந்த இடத்திலிருந்தே ஒரு கையை உயர்த்தினாள். மற்றக் கை பிள்ளையின் காதைப் பொத்தியிருந்தது.

"சத்தம் போடாதேங்கோ," என்றாள். "பிள்ளை இப்பதான் கண்ணயருது."

மூன்றாம் தரம் ஹோர்ன் ஒலிக்கவில்லை. லொறி கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றது. பிறகு சாரதி, தயாபரனைக் கேட்காமலே, இயந்திரத்தை நிறுத்தினான்.